வரைபடத்தில் வெறுமையாக இருக்கும் இடங்களை முதலில் பாருங்கள்

கேள்வி இதுதான்: "உலகில் பிரிவினை இயக்கங்கள் உள்ள இடங்களையும் அரசியல் சுதந்திரம் குறைந்த நாடுகளையும் ஒரே வரைபடத்தில் குறித்தால், இரண்டும் ஒத்துப்போகுமா?"

ஒத்துப்போகாது. நான் குறித்துப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் மகள் தொடக்கக் கல்லூரியில் ஏறக்குறைய இதே தலைப்பில் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெரிய உலக வரைபடத்தை விரித்தோம். ஃபிரீடம் ஹவுஸ் அமைப்பின் ஆண்டறிக்கையைப் பார்த்து நாடுகளுக்கு வண்ணம் தீட்டினோம். அரசியல் உரிமைகளுக்கு 40, குடிமை உரிமைகளுக்கு 60 என்று 100 புள்ளிகளுக்கு மதிப்பிட்டு, சுதந்திரமானவை, ஓரளவு சுதந்திரமானவை, சுதந்திரமற்றவை என்று மூன்றாகப் பிரிப்பார்கள். சிங்கப்பூர் நடுவில் வரும். அமெரிக்க அரசின் நிதியில் நெடுங்காலம் நடந்த அமைப்பு என்பதால் அதன் மதிப்பெண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். ஆனால் காஷ்மீர், திபெத், மேற்கு சகாரா, அப்காசியா போன்ற இடங்களுக்குத் தனி மதிப்பெண் தருகிறார்கள். உங்கள் கேள்விக்கு அது ரொம்பவே உதவும்.

அப்புறம் சிவப்புக் குண்டூசிகளைக் குத்த ஆரம்பித்தோம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், கேத்தலோனியா, பாஸ்க், கோர்சிகா, ஃபிளாண்டர்ஸ், ஃபாரோ தீவுகள் என்று மேற்கு ஐரோப்பாவில் இடமே இல்லாமல் போனது. மத்திய ஆசியா பக்கம் ஒரு ஊசி கூட இல்லை.

"அப்போ ஐரோப்பாவுலதான் ஜனங்க அதிகமா அதிருப்தியா இருக்காங்களா, சித்தப்பா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியிலேயே பதில் இருந்தது. நாங்கள் குத்திய ஊசி ஒவ்வொன்றும், பேச முடிந்த ஒருவர் பேசியதற்கான அடையாளம். பேசவே முடியாத இடத்தில் ஊசி குத்த நமக்கு ஆதாரம் கிடைக்காது.

உஸ்பெகிஸ்தானை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கரகல்பக்ஸ்தான் என்ற தன்னாட்சிக் குடியரசு இருக்கிறது. பொதுவாக்கெடுப்பு நடத்திப் பிரிந்துபோகும் உரிமையை நாட்டின் அரசியல் சட்டமே அதற்குக் கொடுத்திருக்கிறது. எழுத்தில் பார்த்தால் ஸ்பெயினில் இல்லாத தாராளம். ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்திப் பார்க்க ஒரு கட்சியோ, பத்திரிகையோ, கூட்டமோ அங்கே நடத்த முடியாது. 2022-இல் அரசு அந்தப் பிரிவை நீக்கப் பார்த்தபோதுதான் நுக்குஸ் நகரத்தில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசே ஒப்புக்கொண்ட கணக்கில் குறைந்தது 18 பேர் செத்தார்கள். திருத்தத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஒரே வாரத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில் ஊசி முளைத்தது. அந்த ஆதங்கம் அந்த வாரத்தில் பிறந்திருக்காது அல்லவா?

சரி, சுதந்திர நாடுகள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றனவா? அதுவும் இல்லை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பிரிவது பற்றி இரண்டு முறை வாக்கெடுப்பு நடந்தது. 1995-இல் பிரியவேண்டாம் என்றவர்கள் 50.58 விழுக்காடு. மயிரிழையில் ஒரு நாடு தப்பியது, யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை. ஸ்காட்லாந்தில் 2014-இல் லண்டன் அரசின் சம்மதத்தோடு வாக்கெடுப்பு, 55 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். ஆனால் 2022-இல் இரண்டாவது வாக்கெடுப்பை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தானாக நடத்த முடியாது என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்பெயினின் அரசியல் சட்டம் நாட்டைப் பிரிக்க முடியாதது என்கிறது. 2017 அக்டோபர் 1 அன்று கேத்தலோனியாவில் வாக்குச்சாவடிகளுக்குள் காவலர்கள் புகுந்து பெட்டிகளைத் தூக்கினார்கள். தலைவர்களுக்கு 9 முதல் 13 ஆண்டுவரை சிறை விதித்தார்கள், 2021-இல் மன்னித்து விட்டார்கள். மூன்று நாடுகளுக்கும் வரைபடத்தில் நாங்கள் தீட்டியது ஒரே பச்சை.

தமிழர்களான நமக்கு இதற்கு வெளியூர் உதாரணமே தேவையில்லை. அண்ணா 1962-இல் மாநிலங்களவையில் திராவிட நாட்டுக்குச் சுயநிர்ணய உரிமை கேட்டுப் பேசினார். அதே ஆண்டு சீனப் போர் வந்தது, 1963-இல் இந்திய அரசியல் சட்டத்தின் 16-வது திருத்தம் வந்தது. பிரிவினை பேசித் தேர்தலில் நிற்கும் கதவு மூடப்பட்டது. தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது. கேட்டதற்கான காரணங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன என்பதையும் அண்ணா மறைக்கவில்லை. ஆனால் மற்ற கதவுகள் திறந்திருந்தன. 1967-இல் அதே கட்சி ஆட்சிக்கு வந்தது, 1969-இல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் வந்தது.

இலங்கையில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1976-இல் தமிழர்களுக்குத் தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம். அடுத்த ஆண்டே அதை முன்வைத்துத் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்று, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். வாக்குப் பெட்டி வழியாக வந்த கோரிக்கை அது. 1983 ஜூலைக் கலவரம் முடிந்த அடுத்த மாதமே ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டை அமைதியான முறையில், நாட்டுக்கு வெளியே இருந்து ஆதரித்தாலும் குற்றம். தனிநாட்டை ஆதரிக்கமாட்டோம் என்று உறுதிமொழி எடுக்க மறுத்த உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். நாடாளுமன்றத்தில் பேச ஆளில்லாமல் போனபின் யார் பேசினார்கள், 2009 மே வரை என்ன நடந்தது என்பதை இந்தத் தளத்தில் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதை எழுதும்போது இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

தடைச் சட்டம் இரண்டு நாட்டிலும் வந்தது. சட்டத்தை மட்டும் வைத்து வண்ணம் தீட்டினால் இந்த வித்தியாசம் தெரியாது. அதற்காக இந்தியாவுக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. காஷ்மீரின் ஊசி அங்கேயேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. பிரிந்துபோனால் சுதந்திரம் தானாக வந்துவிடாது. எரித்ரியா 1993-இல் தனிநாடானது, இன்றுவரை தேசியத் தேர்தல் நடக்கவில்லை. தென் சூடானில் 2011-இல் கிட்டத்தட்ட 99 விழுக்காட்டினர் பிரிவுக்கு வாக்களித்தார்கள், 2013-இல் உள்நாட்டுப் போர். நம் பக்கத்திலிருக்கும் கிழக்குத் திமோரோ 1999 வாக்கெடுப்புக்குப் பின் எரிந்து சாம்பலாகி, இன்று தென்கிழக்காசியாவில் சுதந்திரமானது என்று மதிப்பெண் வாங்கும் நாடாக நிற்கிறது. இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலம் பிரியவில்லை. 2005 ஹெல்சிங்கி உடன்பாட்டில் உள்ளூர்க் கட்சிகளுக்கு இடம் கிடைத்தது, துப்பாக்கிகள் ஓய்ந்தன.

சிங்கப்பூரில் எங்கே ஊசி குத்துவது என்று அண்ணன் மகள் கேட்டபோது நான் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர். அவருடைய தங்கை குளுவாங்கில் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார். 1962-இல் மலேசியாவோடு இணைவதற்கு வாக்கெடுப்பு நடந்தது. மூன்று தெரிவுகள் இருந்தன, மூன்றுமே இணைவதுதான். 1965 ஆகஸ்ட் 9 அன்று பிரிந்ததற்கு வாக்கெடுப்பே இல்லை. கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் 126-க்கு 0 என்று முடிந்தது, தாத்தாவுக்கு வானொலியில்தான் தெரிந்தது. தங்கை வீடு வேறு நாட்டில் இருந்தது. நாங்கள் பிரிவினை கேட்டவர்கள் அல்லர், எங்களைப் பிரித்துவிட்டார்கள். உலகத்தில் இப்படிப் பிறந்த நாடுகள் மிகச் சில.

நீங்கள் வரைபடம் போடுவதாக இருந்தால், இயக்கம் இருக்கிறதா என்பதற்கு ஊசி குத்தாதீர்கள். கேட்டவர்களை அரசு என்ன செய்தது என்பதற்கு ஊசியின் நிறத்தை மாற்றுங்கள்: வாக்கெடுப்பு, பேச்சுவார்த்தை, தடை, சிறை, படை. கூடவே ஆண்டையும் எழுதுங்கள். அஸர்பைஜானுக்குள் ஆர்மீனியர்கள் வாழ்ந்த நகோர்னோ கராபாக்கில் நாங்கள் ஒரு ஊசி குத்தியிருந்தோம். 2023 செப்டம்பரில் அஸர்பைஜான் படை நுழைந்தபின் 1,00,000-க்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் சில நாள்களிலேயே ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே இப்போது எந்த இயக்கமும் இல்லை. ஊசியை எடுத்துவிடவா என்று அவள் கேட்டாள். வேண்டாம், பக்கத்தில் ஆண்டை மட்டும் எழுது என்றேன்.