குறைந்த செலவில் இரத்தப் பரிசோதனைக் கருவியை நாமே செய்ய முடியுமா?

சர்க்கரை, ஹீமோகுளோபின் இரண்டையும் காட்டும் மலிவான கருவியைச் செய்து கிராமத்து முகாம்களுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ரங்கூனில் சின்னக் கிளினிக்குகளின் கருவிகளைப் பழுது பார்க்கிறவன். ஹீமோகுளோபின் மீட்டரைத் தாராளமாகச் செய்யுங்கள். சர்க்கரையை விட்டுவிடுங்கள்.

சர்க்கரை மீட்டருக்குள் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஸ்ட்ரிப்பில், அதாவது இரத்தச் சொட்டு வைக்கிற சின்னப் பட்டையில், உள்ள நொதி இரத்தச் சர்க்கரையோடு வினைபுரியும்போது சில மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் வரும், அதை அளந்தால் போதும். சர்க்யூட்டை மாணவர்களே போட்டுவிடுவார்கள். சூட்சுமம் எல்லாம் ஸ்ட்ரிப்பில்தான். ஒவ்வொன்றிலும் நொதி ஒரே அளவாகப் படிய வேண்டும். அது மேசைமேல் நடக்கிற வேலை இல்லை. கம்பெனிகள் மீட்டரைச் சும்மா கொடுத்துவிட்டு ஸ்ட்ரிப்பில் சம்பாதிப்பதைப் பார்த்தாலே புரியும். போதாததற்கு எங்கள் ஊர் மழைக்கால ஈரம். டப்பாவைத் திறந்து போட்டால் நல்ல ஸ்ட்ரிப்பும் கெட்டுப்போகும்.

ஹீமோகுளோபின் அப்படி இல்லை. அதற்கு நிறம் இருக்கிறது. 20 மைக்ரோலிட்டர் இரத்தத்தை 5 மில்லி டிராப்கின் கரைசலில் (ஹீமோகுளோபின் அளக்க லேபில் பயன்படுத்தும் இரசாயனக் கரைசல்) கலந்தால் ஒரே நிறமாக மாறும். 540 நானோமீட்டர் பச்சை ஒளியை அது எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பச்சை எல்.இ.டி., ஒளியை உணரும் ஒரு போட்டோடயோடு, ஒரு மைக்ரோகன்ட்ரோலர், வெளி வெளிச்சம் புகாத கறுப்புப் பெட்டி, இவ்வளவுதான். பேட்டரியில் ஓடும், மின்வெட்டுக்குப் பயமில்லை. டிராப்கினில் சயனைடு உண்டு என்பதால் முகாமுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலாகச் சோடியம் லாரில் சல்ஃபேட் முறை இருக்கிறது. ஷாம்பூவை நுரைக்க வைக்கும் அதே பொருள்தான், ஆனால் ஆய்வகத் தரத்தில் வாங்க வேண்டும்.

பிழை பெரும்பாலும் சர்க்யூட்டில் வராது, விரல் நுனியில் வரும். விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து எண் இறங்கிவிடும். 2015-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வில், ஒரே விரலின் அடுத்தடுத்த சொட்டுகளிலேயே அளவு கணிசமாக மாறியது. அதனால் மிச்சம் பிடிக்கிற காசில் இரத்தத்தைத் துல்லியமாக அளந்து எடுக்கிற நல்ல மைக்ரோபிப்பெட் ஒன்று வாங்குங்கள். அப்புறம், ஒரே குழாய் இரத்தத்தில் பாதியைப் பெரிய லேபுக்கு அனுப்பி, குறைந்த அளவு, நடு அளவு, கூடின அளவு மூன்றிலும் எண்கள் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதுவரை நோயாளியிடம் எண்ணைச் சொல்லாதீர்கள்.

இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. பர்மாவில் ஹீமோகுளோபின் ஈ, தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாடுகள் இரண்டும் சகஜம். கர்ப்பிணிக்கு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை என்று உங்கள் மீட்டர் சொல்லும். காரணம் இரும்புச்சத்துக் குறைவா, பரம்பரையா என்று சொல்லாது. மாத்திரையை முடிவு செய்கிற வேலை டாக்டருடையது.

இது முடிந்தும் கை பரபரத்தால் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியை அளக்கும் பக்கம் போங்கள். அந்த நொதி குறைவாக உள்ளவருக்கு மலேரியாவுக்கான பிரைமாகுவின் கொடுத்தால் சிவப்பணுக்கள் உடையும். அந்த அளவை ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு இவ்வளவு என்றுதான் சொல்வார்கள், ஆக அதில் ஒரு பாதி உங்களிடம் ஏற்கெனவே தயாராக இருக்கும்.