மியோம்போ காட்டில் பறவைகள் ஏன் கூட்டமாக மட்டும் தென்படுகின்றன?

ஜிம்பாப்வேயின் மியோம்போ காட்டில் வழிகாட்டியுடன் வெகுநேரம் நடந்தும் ஒரு பறவையும் தென்படாமல், பின்பு திடீரென்று பல இனங்கள் ஒன்றாக வந்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பிராக்கிஸ்டீஜியா மரங்கள் நிறைந்த அக்காட்டில், குறிப்பாக வறண்ட குளிர்மாதங்களில், பூச்சியுண்ணும் சிறு பறவைகள் கலப்புக் கூட்டமாகச் சேர்ந்து இரை தேடுகின்றன. பல கண்கள் காவல் காப்பதால் வேட்டைப் பறவைகளிடமிருந்து தப்புவது எளிதாகிறது. கூட்டம் ஓரிடத்தில் இருக்கையில் சுற்றுப்புறம் வெறிச்சோடிக் கிடக்கும். இதனால்தான் வழிகாட்டிகள், பகலிலும் வேட்டையாடும் முத்துப்புள்ளிச் சிற்றாந்தையின் குரலைச் சீழ்க்கையாக ஒலிக்கிறார்கள். பகைவனைச் சூழ்ந்து விரட்ட வரும் பறவைகள் கண்ணுக்கெட்டும் தொலைவில் வந்து அமர்கின்றன. (கூடு கட்டும் காலத்தில் இந்த உத்தியைத் தவிர்க்கும் வழிகாட்டியையே நான் தேர்ந்தெடுப்பேன்.) கிழக்கு எல்லையிலுள்ள வும்பா மலையின் பசுமைமாறாக் காட்டில் நிலைமை வேறு: சுவின்னர்ட்டன் ராபின் என்னும் சிறு பறவை நிழலடர்ந்த தரையருகே இரை தேடுவதால், அங்கே அசையாமல் நின்று காத்திருப்பதே பயன் தரும்.