கடாரம் பிராஜெக்ட்: சோழர் படையெடுப்போட நிறுத்திடாதீங்க அக்கா

அக்கா, உங்க மகன் ஸ்கூல்ல 'தமிழாளுங்க ரப்பர் வெட்ட வந்தவங்கதானே'ன்னு ஒரு பையன் சொன்னதுக்கு பதில் தெரியாம நின்னுட்டான்னு போட்டிருந்தீங்க, அதுக்கு முன்னாடி வந்ததுக்கு என்ன ஆதாரம் காட்டறதுன்னும் கேட்டிருந்தீங்க. நான் மலேசியா கெடாவுல இருக்கற பீடோங்தான். எஸ்டேட்டுக்கு வந்தது நம்ம தாத்தா பாட்டி காலம், அது உண்மைதான், ஆனா வியாபாரிங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துட்டாங்க.

1025ல ராஜேந்திர சோழன் கடாரத்து மேல, அதான் நம்ம கெடா மேல, படையெடுத்தத எல்லாரும் எழுதுவாங்க, பையன் பிராஜெக்ட்ல அத ஒரு வரியில முடிச்சிடச் சொல்லுங்க. காத்தப் பத்தி எழுதச் சொல்லுங்க, விஷயமே அங்கதான் இருக்கு. தென்மேற்கு பருவக்காத்துல பாய் விரிச்சா வங்கக் கடல தாண்டி இந்தப் பக்கம் வந்துடலாம், திரும்பிப் போக வடகிழக்கு காத்து வரணும், அதுவரைக்கும் மாசக்கணக்கா இங்கயே கெடக்கணும், சும்மா கெடப்பானா, குடிசை போடுவான், கோயில் கட்டுவான், குளம் வெட்டுவான். தாய்லாந்து தக்குவாப்பால 9ம் நூற்றாண்டு தமிழ்க் கல்வெட்டே இருக்கு, வெட்டுன குளத்த மணிக்கிராமம்ங்கிற வணிகர் குழு காவல்ல விட்டதா சொல்லுது. சுமத்ராவுல பாருஸ்ல 1088ல ஒன்னு.

லீவு நாள்ல பையன மெர்போக் மியூசியத்துக்கு கூட்டிட்டு வாங்க. அங்க இருக்கற புக்கிட் பத்து பஹாட் சண்டியில (சண்டின்னா பழங்காலத்துக் கோயில்) தூண் நட்ட கல்லுல குழி அப்படியே இருக்கும், விரல விட்டுப் பாக்கலாம் (கார்டு பாக்காதப்ப லா). அப்படியே ஜெராய் மலையையும் போட்டோ எடுக்கச் சொல்லுங்க, கடல்லேர்ந்து வர்ற கப்பலுக்கு அதான் அடையாளம்.