வெளிநாட்டில் தையலும் துணியும்: பெயரை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்

"வெளிநாட்டுக்குக் குடிபோகிறேன். வீட்டில் தைத்துப் பழக்கம். அங்கே நல்ல துணி கிடைக்குமா? தையல் மெஷினைக் கொண்டுபோகலாமா?" இதுதான் கேள்வி.

துணி தாராளமாகக் கிடைக்கும். பழகிய பெயரிலும் பழகிய அளவிலும் கிடைக்காது என்பதுதான் சிக்கல். மெஷினை விட்டுவிட்டுப் போவதே நல்லது என்பது என் கட்சி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

புதிய ஊர்க் கடையில் நுழைந்ததும் பழைய பெயரைச் சொல்லித் தேடத்தான் யாருக்கும் தோன்றும். அதில் பலனில்லை. மஸ்லின் என்று கேட்டால் பிரிட்டனில் இழை விலகிய மெல்லிய துணியை எடுத்துப் போடுவார்கள். அமெரிக்காவில் அதே பெயருக்கு, மாதிரி தைத்துப் பார்க்க உதவும் வெளுக்காத பருத்தித் துணி வரும். அதனால் பெயரை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள்: என்ன நூல், எவ்வளவு அகலம், எவ்வளவு எடை. துணி சுற்றியிருக்கும் அட்டையின் முனையில் முதல் இரண்டும் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். எடையை இணையக் கடைகள் ஜிஎஸ்எம் என்று போடுகின்றன, அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம். 80 என்றால் உடல் தெரியும் அளவுக்கு மெல்லியது, லைனிங் வேண்டும். 110, 120 சட்டைக்குச் சரி. 150க்கு வந்தால் பைக்கும் மெத்தை விரிப்புக்கும் ஆகும். ஜீன்ஸ் துணி 300ஐத் தாண்டும். அமெரிக்கக் கடைகளில் சதுர கெஜத்துக்கு அவுன்ஸ் என்று இருந்தால் 34ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் கைவசம் இருக்கும் பிடித்த துணிகளின் எடையைக் கணக்கிட்டு வையுங்கள். ஒரு மீட்டர் நீளத் துண்டைச் சமையலறைத் தராசில் போட்டு, வரும் கிராமை மீட்டர் கணக்கிலான அகலத்தால் வகுத்தால் போதும். 1.12 மீட்டர் அகலத் துணி 135 கிராம் காட்டினால் ஏறக்குறைய 120 ஜிஎஸ்எம். அந்த எண்ணையும் உள்ளங்கை அகலத் துண்டையும் ஒரு நோட்டில் ஒட்டி எடுத்துப்போனால் கடைக்காரரின் மொழி தெரியாவிட்டாலும் காட்டிக் கேட்கலாம். என்னைக் கேட்டால் பெட்டியில் போக வேண்டிய முதல் பொருள் அந்த நோட்டுதான்.

அடுத்தது நீளம். அமெரிக்காவில் இன்னும் கெஜக் கணக்கு. ஒரு கெஜம் 91.44 செ.மீ. மூன்று மீட்டர் தேவைப்படும் இடத்தில் மூன்று கெஜம் வாங்கினால் 26 செ.மீ. குறையும், காலருக்கும் பட்டிக்கும் துணி இருக்காது. அகலம் இதைவிடப் பெரிய விஷயம். 44 அங்குலப் பன்னாவுக்கு, அதாவது 112 செ.மீ. துணி அகலத்துக்கு, போட்டுப் பழகிய கணக்கு 150 செ.மீ. அகலத்துக்கு ஒத்துவராது. பரப்பளவை மட்டும் பார்த்தால் 112 செ.மீ. அகலத்தில் 2.5 மீட்டர் என்பது 150 செ.மீ. அகலத்தில் 1.9 மீட்டருக்குள் முடிந்துவிடும். ஆனால் வெட்டும் துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அந்த மிச்சம் கைக்கு வரும். ஒரே பக்கம் பார்க்கும் பூ, கட்டம், கோடு எல்லாம் மிச்சத்தைச் சாப்பிட்டுவிடும். காகிதத்தில் சின்னதாக வரைந்து பார்த்துவிட்டு நீளம் சொல்லுங்கள். ஏனென்றால் வெட்டிய துணியை அநேகமாக எந்தக் கடையிலும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

இணையத்தில் வாங்கும்போது இன்னொரு கண்ணி உண்டு. எண்ணிக்கைக் கட்டத்தில் 2 என்று போட்டால் சில கடைகளில் இரண்டு மீட்டர், சிலவற்றில் இரண்டு அரை மீட்டர், அதாவது மொத்தம் ஒரு மீட்டர்தான். பத்து செ.மீ. ஓர் அலகு என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். காட்டும் விலையும் அந்த அலகுக்குத்தான், மலிவு என்று மயங்க வேண்டாம். நிறத்துக்குப் படத்தை நம்பவே கூடாது. மாதிரித் துண்டு அனுப்பும் கடையாகப் பார்த்து, முதலில் அதை வரவழையுங்கள்.

வேறு நாட்டுக் கடையிலிருந்து வரவழைப்பது முன்பு போலச் சுலபமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையிலான பொருளுக்கு இருந்த வாட் வரி விலக்கு 2021 ஜூலை 1இல் போனது. அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த சுங்கச் சலுகை 2025 ஆகஸ்ட் 29இல் நிறுத்தப்பட்டது.

உள்ளூரிலேயே தேட மனமிருந்தால் பழைய பொருள் விற்கும் கடைகளின் படுக்கை விரிப்பு அடுக்கைக் கிளறுங்கள். அசல் பருத்தித் துணி அங்கே கொட்டிக் கிடக்கும். 220க்கு 230 செ.மீ. மெத்தைப் போர்வை உறை ஒன்றின் இரு பக்கமும் சேர்த்தால் பத்துச் சதுர மீட்டர். 150 செ.மீ. அகலத்தில் ஆறரை மீட்டருக்கு மேல்! சுருங்க வேண்டியது சுருங்கி, போக வேண்டிய சாயமும் போயிருக்கும். விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் இழை தேய்ந்திருந்தால் வேண்டாம்.

லேபிள் இல்லாத துணியின் நூல் என்னவென்று தெரிய நாலைந்து இழைகளை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்தலாம். பருத்தி காகிதம் எரியும் வாசனையுடன் மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். கம்பளியும் பட்டும் முடி கருகும் நாற்றம் அடிக்கும். ரேயானும் பருத்தியைப் போலவே எரியும் என்பதால் அந்த இரண்டையும் இதில் பிரிக்க முடியாது. அடுக்குமாடி வீட்டில் கூரையில் புகை அலாரம் இருக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து, தண்ணீர்க் குழாயடியில் செய்யுங்கள்.

வெட்டுவதற்கு முன் நனைக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கும். அங்கே அது மட்டும் போதாது. பிறகு எப்படித் துவைத்து உலர்த்தப் போகிறீர்களோ அதே மாதிரி ஒரு முறை செய்துவிடுங்கள். சூடான டிரையரில் உலர்த்துவதென்றால் துணியும் முதலில் டிரையருக்குள் போக வேண்டும். பருத்தி 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம். மூன்று மீட்டரில் 9 முதல் 15 செ.மீ. போய்விடும்.

இனி மெஷின். ஐரோப்பாவில் 230 வோல்ட், அமெரிக்காவிலும் கனடாவிலும் 120, ஜப்பானில் 100. பயணத்துக்கு விற்கும் பிளக் அடாப்டர் முனையின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை அல்ல. 120 வோல்ட் மெஷினை 230இல் செருகினால் மோட்டாரோ போர்டோ போய்விடும். டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டலாம்தான். ஆனால் அதன் கனம், மெஷினின் கனம், பழுதானால் உதிரி பாகத்துக்கு அலைச்சல் எல்லாவற்றையும் கூட்டினால், போன இடத்தில் நேர்த் தையலும் ஜிக்ஜாக்கும் போடும் பழைய மெஷின் ஒன்றை வாங்குவது எவ்வளவோ மேல். காஜாவும் அதிலேயே எடுக்கலாம். ஊசிக்குக் கவலை வேண்டாம். 130/705 எச், 15x1, எச்ஏx1 எல்லாம் வீட்டு மெஷின்களுக்கான ஒரே ஊசிதான். 80/12 என்றால் 0.8 மி.மீ. தடிமன். அடிநூல் சுற்றும் பாபின் மட்டும் மெஷினுக்கு மெஷின் மாறும், உங்களுடையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள்.

குளிர் நாடுகளில் இழுத்தால் நீளும் பின்னல் துணிகள் நிறைய இருக்கும். அதற்கு முனை மழுங்கிய ஜெர்சி ஊசி வேண்டும். சாதாரண ஊசி தையலை விட்டுவிட்டுப் போடும், மெஷின்மீது பழி விழும்.

அச்சிட்ட பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான காகித வரைபடம், வாங்கினால் அளவு எண்ணை நம்பாமல் உடல் அளவைப் பாருங்கள். கடையில் வாங்கும் உடுப்பின் எண்ணும் பேட்டர்னின் எண்ணும் ஒன்றல்ல. தையலுக்கு விடும் துணி சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பெரிய அமெரிக்க நிறுவனங்களின் பேட்டர்ன்களில் 5/8 அங்குலம் சேர்த்தே வரைந்திருப்பார்கள். ஜெர்மனியின் புர்டா (Burda) என்ற தையல் இதழில் வரும் வரைபடங்களில் அது இருக்காது. நாமே கூட்டி வெட்ட வேண்டும்.

கொண்டுபோக நினைப்பதில் பழகிய கத்திரிக்கோலைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். விமானத்தில் கைப்பையில் வைத்தால் பிடுங்கிவிடுவார்கள், சரக்கில் போகும் பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி வையுங்கள்.