பொன்னாடைக்குப் பதினெட்டாயிரம்

அன்புள்ள சார்,

என் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். எட்டு வருஷத்துக்கு முன்னால் தன் வெண்பாக்களைச் சொந்தச் செலவில் புத்தகமாகப் போட்டார். 300 பிரதி. பாதிக்கு மேல் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. போன மாசியில் சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்து, “ஐயா, உங்களைப் போன்ற ஆளுமையை இந்தத் தமிழ்ச் சமூகம் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டதே” என்று அரை மணி நேரம் பேசினாராம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் கௌரவ டாக்டர் பட்டத்துக்கு அப்பாவைத் தேர்வு செய்திருக்கிறார்களாம். மதுரையில் ஒரு ஹோட்டல் ஹாலில் நாற்பது பேருக்கு மேல் வரிசையாக நிறுத்தி, கவுன் மாட்டி, தொப்பி வைத்து, பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள். செலவு 5,000 என்று அம்மாவிடம் சொன்னார். தற்செயலாக அவர் ஜிபேயைப் பார்த்தேன், 18,000.

ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். பத்திரிகையில் தன் பெயருக்கு முன் ‘டாக்டர்’ போடச் சொல்கிறார். எடுத்துச் சொன்னால் மனசு உடைந்துபோவார், சொல்லாவிட்டால் ஊர் சிரிக்கும். புகழ்ந்து பேசுகிறவனை நம்பாதே என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் எப்படி சார் இதில் போய் ஏமாந்தார்?

ச.

அன்புள்ள ச.,

ஏமாந்தார் என்கிறீர்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை. 18,000 கொடுத்துவிட்டு வீட்டில் 5,000 என்று சொல்கிறார் என்றால், பணம் அனுப்பும்போதே அவருக்குள் யாரோ ஒருவர் முழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். முழுசாக நம்பிய மனுஷன் தொகையைக் குறைத்துச் சொல்வானா?

எனக்கு இது நன்றாகப் புரிகிறது, ஏனென்றால் நானே இப்படி மாட்டியிருக்கிறேன். முதல் சிறுகதைத் தொகுப்பு வந்து, ஒரு விமர்சனம்கூட வராமல், கடைக்குப் போய் என் புத்தகத்தை நானே முன்வரிசைக்கு நகர்த்தி வைத்துக்கொண்டிருந்த காலம். ஒரு கடிதம் வந்தது. சிறந்த படைப்பாளிகள் நூறு பேரைப் பற்றி ஒரு தொகுதி கொண்டுவருகிறார்களாம், அதில் நானும் உண்டாம். என் கதை ஒன்றைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை என்று எழுதி, கதையின் பெயரையும் போட்டிருந்தார்கள். அந்தப் பெயரில் நான் கதையே எழுதவில்லை. அது முதல் வாசிப்பிலேயே கண்ணில் பட்டது. பட்டும் என்ன செய்தேன் தெரியுமா, பாவம் பெயரை மாற்றிப் போட்டுவிட்டார், ஆனால் ஆள் ரசனையானவர்தான் என்று அவருக்காக நானே வாதாடி, 3,500 ரூபாய்க்கு டிடி எடுத்து அனுப்பினேன். தொகுதி வந்தது. என் இனிஷியல் தப்பு. என் படத்துக்குக் கீழே வேறு யாரோ ஒருவருடைய வாழ்க்கைக் குறிப்பு. அதன்படி நான் பல் மருத்துவர்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஐஸ் வைத்தால் வழுக்கி விழுகிறவன் தற்பெருமைக்காரன் என்று நாம் நினைக்கிறோம். நான் பார்த்த வரை இந்தப் பட்டம் வாங்கியவர்களில் தற்பெருமைக்காரர்கள் குறைவு. தினமும் நாலு பேர் சோப்பு போடுகிற இடத்தில் இருப்பவனுக்கு அதன் வாசனை தூரத்திலேயே தெரிந்துவிடும். முப்பது வருஷம் யாப்பிலக்கணம் நடத்தி, தளை தட்டாமல் வெண்பா எழுதி, “சார் இந்த ஈற்றடி பிரமாதம்” என்று ஒருவர்கூடச் சொல்லாமல் ரிட்டயர் ஆனவருக்கு அது தெரியாது. போனில் பேசிய ஆள் சொன்னதில் ஒரு வாக்கியம் உண்மை என்பதையும் கவனியுங்கள். சமூகம் கண்டுகொள்ளவில்லை என்றார். கண்டுகொள்ளவில்லைதானே? அந்த உண்மையோடு சேர்த்துத்தான் பொய்யைத் தள்ளிவிடுகிறார்கள்.

அப்புறம் அந்த வேலையின் ஒழுங்கையும் பார்க்க வேண்டும். சொந்தச் செலவில் போட்ட புத்தகத்தின் பின்னட்டையில் ஆசிரியரின் போன் நம்பர் இருக்கும், அங்கிருந்து பிடிக்கிறார்கள். முதல் போனில் பணத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. பயோடேட்டா கேட்பார்கள், ‘தேர்வுக் குழு பரிசீலிக்கிறது’ என்று ஒரு வாரம் காக்க வைப்பார்கள். பிறகு ஒரு வாழ்த்துப் படம் வரும். உங்கள் போட்டோ, பக்கத்தில் ஓய்வுபெற்ற பெரிய மனிதர் யாராவது ஒருவரின் போட்டோ. அதை அப்பா பழைய மாணவர்கள் குழுவில், சம்பந்தி வீட்டுக் குழுவில் எல்லாம் போடுவார். வாழ்த்து குவியும். அது அடங்குவதற்குள் அடுத்த போன்: “ஐயா, விழாச் செலவுக்கு ஒரு சிறு நன்கொடை…” இப்போது எப்படி மறுப்பது? இருநூறு பேர் வாழ்த்துச் சொல்லியாகிவிட்டது. உங்கள் அப்பா கொடுத்த 18,000 புகழ்ச்சிக்கான விலை என்று நான் நினைக்கவில்லை. அந்த இருநூறு பேரிடம் போய், இல்லை, அது சும்மா என்று சொல்லாமல் இருப்பதற்கான விலை.

அவர் ஒருவர் மட்டும் இல்லை, பெரிய பெயர்களும் இதில் உண்டு. 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கை ஓர் அமைப்பு வாடகைக்கு எடுத்து இதே மாதிரி ‘டாக்டர்’ பட்டம் வழங்கியது நினைவிருக்கும். இசையமைப்பாளர் தேவா, நடிகர் வடிவேலு பெயரெல்லாம் பட்டியலில் இருந்தது. எங்களுக்கும் இந்தப் பட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று பல்கலைக்கழகம் போலீசுக்குப் போனது, ஏற்பாட்டாளர் கைதானார். அரங்கத்தின் பெயரே பாதி வேலையைச் செய்துவிடுகிறது பாருங்கள்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956, 22-ஆம் பிரிவு: சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்களும் அதற்கென்று அதிகாரம் பெற்ற நிறுவனங்களும் மட்டுமே பட்டம் கொடுக்கலாம். மீறினால் 24-ஆம் பிரிவின்படி அபராதம், அதிகபட்சம் 1,000 ரூபாய். உங்கள் அப்பா ஒருவர் கொடுத்ததில் பதினெட்டில் ஒரு பங்கு! மோசடி வழக்கு தனியாகப் போடலாம்தான். ஆனால் யார் போடுவார்? புகார் கொடுக்கிறவர் முதல் வரியிலேயே ‘நான் காசு கொடுத்துப் பட்டம் வாங்கினேன்’ என்று எழுத வேண்டியிருக்கும். சிட்பண்டில் ஏமாந்தவர்கள் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்வார்கள். புகழ்ச்சியில் ஏமாந்தவர் ஷீல்டைத் துடைத்து ஷோகேசில் வைத்துக்கொள்வார்.

சுந்தரர் திருப்புகலூரில் பாடிய பதிகம் ஒன்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். வலுவில்லாதவனைப் பீமன் என்றும், கொடுக்காதவனைப் பாரி என்றும் பாடினாலும் ஒன்றும் தேறாது, பேசாமல் இறைவனைப் பாடுங்கள் என்று புலவர்களுக்குச் சொல்வார். அன்றைக்குப் புகழ்ந்தவன் வெறுங்கையோடு திரும்பினான். இன்றைக்குப் புகழ்கிறவன் பக்கம்தான் பணம் போகிறது, அதுவும் கேட்ட உடனே.

கல்யாணப் பத்திரிகையில் ‘டாக்டர்’ வேண்டாம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சம்பந்தி வீட்டில் உண்மையான டாக்டர் ஒருவர் இருந்து, “எந்த காலேஜ் சார்?” என்று கேட்டால் மணவறையிலேயே அப்பா நிற்க முடியாது. ஆனால் மானியக் குழு வெளியிட்ட போலிப் பல்கலைக்கழகப் பட்டியலை மொபைலில் எடுத்து அவர் முன்னால் நீட்டாதீர்கள். 18,000 விஷயம் உங்களுக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவே வேண்டாம், அம்மாவிடமும் சொல்லாதீர்கள். பத்திரிகை புரூஃபில் ‘புலவர்’ என்றோ ‘தமிழாசிரியர் (ஓய்வு)’ என்றோ போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள், ஊரில் எல்லாரும் உங்களை அப்படித்தானே அப்பா கூப்பிடுகிறார்கள் என்று சொல்லுங்கள். ஒரு நிமிஷம் உங்களைப் பார்ப்பார். என் கணக்கு சரியாக இருந்தால் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்.

இன்னொன்று. கவுன், தொப்பி, ஹோட்டல் ஹால், ஜிபே என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், அப்பாவின் புத்தகத்துக்குப் பெயர் என்ன என்று எழுதவில்லை. கட்டிலுக்கு அடியில் இருப்பதில் ஒரு பிரதியை எனக்கு அனுப்புங்கள், விலையைச் சொல்லுங்கள், பணம் அனுப்பிவிடுகிறேன். படித்துவிட்டு அவருக்கே கடிதம் போடுகிறேன். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றுதான் எழுதுவேன், அதையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.