‘போட்டோவுக்குக் கழற்றிக்கலாம்’ – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். திருப்பூரில் சின்ன அளவில் பனியன் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறேன். வரும் பிப்ரவரியில் எங்கள் பத்தாவது திருமண நாள். பையனை அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் மனைவியும் நாலு நாள் கேரளா போகிறோம். கல்யாணமான நாளிலிருந்து ஆர்டர், டெலிவரி என்றே ஓடிவிட்டேன், அவளுக்கென்று ஒன்றும் செய்ததில்லை. அதனால் சூரியன் மறையும் நேரத்தில் படகின் மேல்தட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு டின்னர், ரோஜா, மெழுகுவத்தி, கேக், முடிந்தால் ஒரு வயலின் என்று ஏற்பாடு செய்ய ஆசை. அவளுக்குத் தண்ணீர் என்றால் கொஞ்சம் பயம். முன்னாடியே சொன்னால் வரமாட்டாள், அதனால் சர்ப்ரைஸ். லைஃப் ஜாக்கெட் எல்லாம் படகிலேயே இருக்கும், போட்டோவுக்குக் கழற்றிக்கலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். ஆலப்புழையா, கொச்சியா, எது நன்றாக இருக்கும்?

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் போடுவதில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் ஏஜென்ட். போன வாரம் சொந்தக்காரப் பெண் ஒருத்தி கேரளாவிலிருந்து ஒரு மாலை நேரப் படகுப் படம் அனுப்பியிருந்தாள். பின்னால் தகதகவென்று வானம், முன்னால் படகுக் கம்பியின் மேல் உட்காரவைத்த மூன்று வயதுக் குழந்தை, படத்தில் இருக்கும் ஒருவர் மேலும் ஜாக்கெட் இல்லை. ‘சூப்பர்’ என்று நாற்பது பேர் எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து மனதில் அரித்துக்கொண்டிருந்த விஷயத்தின் மேலேயே வந்து விழுந்தது உங்கள் கடிதத்தின் அந்த ஒரு வரி.

முதலில் கேட்டதற்குப் பதில். ஆலப்புழை ஹவுஸ்போட்டில் நீங்கள் நினைப்பது நடக்காது. அங்கே சாயங்காலம் ஐந்தரை வாக்கில் படகைக் கரையோரம் கட்டிவிடுவார்கள். அதற்குமேல் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம், காயல் அவர்களுடையது. பிப்ரவரியில் அங்கே சூரியன் மறைய ஆறரை ஆகும். அதாவது நீங்கள் காசு கொடுத்த அந்திப் பயணத்தில் அந்தி வரும்போது பயணம் முடிந்திருக்கும், படகு ஒரு தென்னை மரத்தில் கட்டிக் கிடக்கும், பக்கத்துப் படகில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். அது ஒன்றும் மோசமில்லை. கட்டிய படகில் உட்கார்ந்து கரிமீன் பொள்ளிச்சதைப் பிய்த்துச் சாப்பிடுவது ஒரு சுகம்தான். ஆனால் உங்கள் ஏஜென்ட் இதைச் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார்.

கொச்சியில் நடக்கும். மரைன் டிரைவிலிருந்து சாயங்காலப் படகுகள் கிளம்புகின்றன, வில்லிங்டன் தீவு, வல்லார்பாடம், ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகள் என்று துறைமுக வாய் வரைக்கும் போய்வரும். அதிர்ஷ்டம் இருந்தால் முகத்துவாரத்தில் டால்பின் தெரியும். அங்கே சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். ஆலப்புழையின் வாய்க்கால்களில் அது தென்னந்தோப்புக்குப் பின்னால் கால் மணி நேரம் முன்னாலேயே ஒளிந்துவிடும். ஆக, கொச்சி. கேள்விக்குப் பதில் முடிந்தது.

இன்னொன்று, சூரியனையும் சாப்பாட்டையும் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள். நம் பக்கத்தில் சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தலாக இறங்குகிறது. விளிம்பு கடலைத் தொட்டால் இரண்டு நிமிடம் கொஞ்சம் கூட, அவ்வளவுதான், ஆள் காணோம். அதற்குப் பிறகு இருபது, இருபத்திரண்டு நிமிடத்தில் இருட்டிவிடும். ஐரோப்பாவில் கோடைக்காலத்தில் மாலை இழுத்துக்கொண்டே போகும், சூப்பிலிருந்து இனிப்பு வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டு எழுந்தாலும் வெளிச்சம் மிச்சம் இருக்கும். இந்த மெழுகுவத்தி டின்னர் எல்லாம் அந்த ஊர் வானத்துக்குப் போட்ட கணக்கு. இங்கே நீங்கள் மீனில் முள் எடுத்துவிட்டு நிமிர்ந்தால் விளக்கு போட்டிருப்பார்கள். முதலில் பாருங்கள், அப்புறம் கரைக்கு வந்து சாப்பிடுங்கள். போகிறபோக்கில் ஒன்று: சங்கக் கவிஞர்கள் கடற்கரைக்கும் சூரியன் சாயும் நேரத்துக்கும் ஒதுக்கியது இரங்கலை. தனியாக உட்கார்ந்து அழுவதற்கான நேரம் அது. சேர்ந்து இருப்பதற்கு அவர்கள் மலைக்கும் நள்ளிரவுக்கும் போனார்கள். நீங்கள் மூணாறு போயிருக்கலாம்.

சரி, ரோஜா, வயலின் எல்லாம் உங்கள் இஷ்டம், அதில் எனக்கு அபிப்பிராயம் இல்லை. இப்போது ஜாக்கெட்டுக்கு வருகிறேன்.

மாலைப் படகில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பகலில் போகிற படகில் ஆட்கள் பரவலாக உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் எல்லாருக்கும் ஒரே வேலை, மேற்கே பார்ப்பது. வானம் சிவந்ததும் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு ஒரே கம்பியோரம் போய் நிற்பார்கள். ஓர் ஆளுக்கு அறுபத்தைந்து கிலோ என்றால் நாற்பது பேர் 2,600 கிலோ. இரண்டரை டன்னுக்கு மேல் எடை ஒரே நிமிடத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்கிறது, அதுவும் மேல்தட்டில் என்றால் கேட்கவே வேண்டாம். படகுக்கு எடை அடியில் இருக்கவேண்டும். நீங்கள் ஆசைப்படும் ஹவுஸ்போட்டின் மூதாதையான கெட்டுவள்ளத்தையே பாருங்கள், ஆஞ்சிலிப் பலகைகளைக் கயிறு கொண்டு தைத்தே கட்டியது. அது நெல் சுமந்தது. மூட்டை எல்லாம் வயிற்றுக்குள் கிடக்கும், மூட்டை எழுந்து சூரியனைப் பார்க்க ஓடாது. நாம் ஓடுவோம், அதையும் மாடியில் ஏறி நின்று செய்வோம்.

இதெல்லாம் கற்பனை இல்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா என்ற இரண்டு தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர் செத்தார்கள். நம் ஊர்க்காரர்களும் அதில் உண்டு. கரையில் விலங்குகள் தெரிந்ததும் ஜனம் ஒரு பக்கமாக நகர்ந்தது என்றுதான் அன்றைக்குச் செய்திகள் வந்தன. ஒருவர் உடம்பிலும் ஜாக்கெட் இல்லை. அங்கே விலங்கு, உங்கள் படகில் சூரியன். விலங்காவது ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. சூரியன் தினமும் தவறாமல் அதே பக்கத்தில் இறங்குகிறது.

அப்புறம் 2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை. மலப்புரம் மாவட்டம் தானூரில், தூவல்தீரம் கடற்கரையில், மீன்பிடி வள்ளத்தை இரண்டு தட்டு உல்லாசப் படகாக மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஏற்றவேண்டியதற்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு, சூரியன் மறைந்த பிறகு கடைசி ட்ரிப் அடித்தார்கள். கவிழ்ந்தது. 22 பேர் போனார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஒரே குடும்பத்தில் மட்டும் பதினோரு பேர். மாலைப் படகுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு தம்பி, அது கவிழ்ந்தால் இருட்டில் கவிழ்கிறது. தேடுகிறவனுக்குத் தண்ணீரில் தலை தெரியாது. அந்த ஜாக்கெட் கண்ணைக் குத்துகிற ஆரஞ்சில் இருப்பது உங்கள் போட்டோவைக் கெடுக்க அல்ல. அந்த நேரத்தில் அந்த மாதிரி நிறம்தான் டார்ச் வெளிச்சத்தில் சட்டென்று கண்ணில் படும். அதில் ஒட்டியிருக்கும் வெள்ளிப்பட்டையும் கோத்திருக்கும் விசிலும் அதற்காகத்தான்.

‘படகிலேயே இருக்கும்’ என்றாரே உங்கள் ஏஜென்ட், எங்கே இருக்கும் தெரியுமா? மேற்கூரையில் ஒரு கம்பி அடுக்கில், மடித்துத் திணித்து, விழாமல் இருக்க நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி. ஒரு படகில் நான் ஒன்றை இழுத்துப் பார்த்தேன். கயிற்று முடிச்சின் மேல் கூரைக்கு அடித்த பெயின்ட் காய்ந்திருந்தது. அதாவது பெயின்ட் அடித்த நாளிலிருந்து யாரும் அதை அவிழ்க்கவில்லை. கடைசியில் ஒன்று வந்தது, பக்கிளில் ஒரு பல் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கான அளவு ஒன்றுகூடக் கிடையாது. கேட்டதற்குச் சிப்பந்தி சிரித்தார். இது இருப்பதில் சேர்த்தியா?

நானும் என் கணவரும் என் அம்மாவும் ஒருமுறை கொச்சியில் இந்த மாதிரி ஒரு மாலைப் படகில் போனோம். துறைமுக வாய்க்கு வந்ததும் வானம் சிவந்துவிட்டது. ஸ்ராங்க் – அங்கே படகோட்டியை அப்படித்தான் சொல்வார்கள் – மைக்கில் “எல்லாரும் ஒரு சைடில் நிக்கல்லே”, அதாவது ஒரே பக்கமாக நிற்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கள் மேசையில் இருந்த டீ கிளாஸ் தானாக நகர ஆரம்பித்தது. மெதுவாக, யாரோ விரலால் தள்ளுகிற மாதிரி ஓரம் வரை வந்து நின்றது. அம்மா முருகா என்றாள். என் கணவர் பேசுகிற ஆள் இல்லை, பூ வாங்கிவரச் சொன்னால் கீரையும் சேர்த்து வாங்கிவருகிற ரகம். எழுந்து போய் மூன்று ஜாக்கெட் கொண்டுவந்தார். அம்மாவுக்குப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். டீசலும் மீனும் கலந்த நாற்றம் அடித்தது. பட்டியை இழுத்து, இடுப்பில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்து, மறுபடியும் இழுத்து, “மூச்சு விட முடியுதா?” என்றார். சுற்றிலும் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படகில் வேலை பார்க்கும் லஸ்கர் பையன் வந்து நாலைந்து பேரைத் தோளைப் பிடித்து இழுத்து அந்தப் பக்கம் அனுப்பியதும் படகு நிமிர்ந்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ரொமான்டிக் என்று நீங்கள் கேட்கிறீர்களே, என்னைக் கேட்டால் அந்த “மூச்சு விட முடியுதா”வைத்தான் சொல்வேன். சூரியன் மறைந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை.

இந்த சர்ப்ரைஸ் விஷயம்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்த இடம். தண்ணீருக்குப் பயப்படுகிற ஒரு பெண்ணை, சொன்னால் வரமாட்டாள் என்று தெரிந்தே, சொல்லாமல் கூட்டிக்கொண்டுபோய் மேல்தட்டில் உட்காரவைத்து, ஜாக்கெட்டையும் கழற்றச் சொல்லிச் சிரிக்கச் சொல்லப்போகிறீர்கள். பத்து வருடத்தில் அவருக்கென்று ஒன்றும் செய்யவில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், அந்த வரியை வாசிக்கும்போது எனக்கே தொண்டை அடைத்தது, பொய் இல்லை. ஆனால் அதற்குப் பரிகாரம் அவருடைய பயத்தை மிதித்துக்கொண்டு போவதா? படகு அசையும்போதெல்லாம் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு இருப்பார், நீங்கள் கேக் வெட்டச் சொல்வீர்கள். அந்தப் படத்தை ஃபிரேம் போட்டு மாட்டினால் அவருக்கு என்ன ஞாபகம் வரும்?

இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள். வருகிறேன் என்றால் கீழ்த்தட்டில், நடுவில், கிழக்குப் பக்கம் பார்த்த இருக்கை கேளுங்கள், எல்லாரும் மேற்கே ஓடும்போது உங்களுக்கு இடம் காலியாகத்தான் இருக்கும். ஏறுவதற்கு முன்னால் படகில் எத்தனை பேர் ஏற்றலாம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், தலையை எண்ணுங்கள். அதிகம் இருந்தால் இறங்கிவிடுங்கள், காசு போனால் போகட்டும். ஜாக்கெட்டை நீங்களே கேட்டு வாங்கிக் கரையில் நிற்கும்போதே இரண்டு பேரும் மாட்டிக்கொள்ளுங்கள். வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள், ஃபோர்ட் கொச்சி கடற்கரை மேற்கே பார்த்துதான் இருக்கிறது. அதே சூரியன், டிக்கெட் கிடையாது, சீன வலைக்குப் பின்னால் இறங்கும், கையில் ஒரு பொட்டலம் கடலை இருந்தால் போதும்.

மெழுகுவத்தியை மறந்தே போனேன். படகில் வேண்டாம். அங்கே டீசல் இருக்கிறது, சமைக்கிற படகென்றால் கேஸ் சிலிண்டரும் இருக்கும், கடல் காற்றில் எப்படியும் நிற்காது. கேக்கை ஹோட்டல் அறையில் வெட்டுங்கள்.

மனைவி என்ன சொன்னார் என்று எழுதுங்கள். படகு எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குக் கரைக்கு வருகிறது என்று ஏஜென்ட்டிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். இருட்டின பிறகு என்றால் நானே அவரிடம் பேசுகிறேன்.