சமன் கோருவதற்கும் ஒரு முறை உண்டு

கேள்வி: ஜார்ஜ்டவுனில் நடந்த ஒரு வார இறுதிச் சதுரங்கப் போட்டியில், என்னைப் போலவே மன்றத்தில் ஆடிப் பழகிய ஒருவரைச் சந்தித்தேன். முடிவில் அவரிடம் ராஜா, யானை, ஒரு சிப்பாய். என்னிடம் ராஜாவும் யானையும் மட்டுமே. ஒரே நிலை மூன்றாம் முறை அமையும்படி யானையை நகர்த்தி, கடிகாரத்தை அழுத்திவிட்டு நடுவரை அழைத்தேன். அவர் சமன் தர மறுத்தார். அடுத்து எதிராளி சிப்பாயை முன்னேற்றினார், நான் தோற்றேன். நடுவர் செய்தது சரியா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: சரியே. மூன்று முறை ஒரே நிலை வந்ததெனச் சமன் கோரும் உரிமை, நகர்த்தும் முறை யாருடையதோ அவருக்கே உண்டு. நீங்கள் கடிகாரத்தை அழுத்திய கணத்தில் அது எதிராளியிடம் போய்விட்டது. உங்கள் நகர்வால்தான் அந்த நிலை அமையும் என்றால், காயைத் தொடாமல், அந்நகர்வை, ஆட்டத்தின் நகர்வுகளைக் குறித்துவரும் தாளில் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நகர்வை முன்கூட்டி எழுதக் கூடாது என்று பயிற்சியில் கண்டித்துச் சொல்வதால் பலர் இங்கே தடுமாறுகிறார்கள். சமன் கோரும்போது அதற்கு விலக்கு உண்டு. ஒரே நிலை ஐந்து முறை வந்தால் யாரும் கேட்காமலே ஆட்டம் சமனாகும் என்ற விதி 2014 முதல் இருக்கிறது, ஆனால் உங்கள் ஆட்டம் அதுவரை போகவில்லை.

எனினும், நீங்கள் தோற்றதற்கு நடுவர் காரணமல்லர். கடிதத்தில் நீங்கள் வரைந்து காட்டிய நிலை, பிரான்சின் சதுரங்க வீரர் பிலிடோர் 1777-இலேயே ஆராய்ந்து விளக்கிய தற்காப்பு நிலைதான். உங்கள் ராஜா சிப்பாயின் வழியை மறித்து நிற்க, யானை உங்கள் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையைக் காத்து, எதிராளியின் ராஜாவை உள்ளே வரவிடாமல் தடுத்தது. (யானையை இன்று நம் பிள்ளைகள் 'ரூக்' என்கிறார்கள், எனக்கு அது யானைதான்.) சிப்பாய் அந்த வரிசைக்கு வந்தவுடன் யானையின் காவல் அங்கே பயனற்றுப் போகிறது. அப்போதே அதை எதிராளியின் முதல் வரிசைக்கு இறக்கி, பின்னாலிருந்து செக் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏனெனில் அவருடைய ராஜா ஒளிந்துகொள்ளச் சிப்பாயின் முன்னே இருந்த கட்டத்தை இப்போது சிப்பாயே அடைத்துக்கொண்டிருக்கிறது. நீங்களோ பழக்கத்தால் அதே வரிசையில் யானையை இன்னும் ஒருமுறை நகர்த்திவிட்டீர்கள்.